பேத்திக்குச் சப்பாத்தியை இப்போதே நிறுத்தாதீர்கள்

காட்பாடியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். அவர் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் கம்மவான்பேட்டை. ராணுவத்தில் இருபது வருடம் வடக்கே இருந்துவிட்டு வந்தவர், இரண்டு வேளை சப்பாத்தி இல்லாமல் அவருக்கு ஆகாது. இப்போது சர்க்கரையும் சேர்ந்துகொண்டதால் சப்பாத்திதான் மருந்து என்று இன்னும் உறுதியாகிவிட்டார். சென்னையில் இருக்கும் மூத்த மகள், குளூட்டன் குடலை அரிக்கும் விஷம், கோதுமையை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள் என்று வீடியோ வீடியோவாக அனுப்புகிறார். இவர்களோடு இருக்கும் மகன் வழிப் பேத்திக்கு ஒன்பது வயது. ஆறு மாதமாக வயிறு உப்பசம், அடிக்கடி பேதி, ஹீமோகுளோபின் 8.4. இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் ஏறவில்லை. வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். "நாளையிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் கோதுமையை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன், சரியா?" என்பது அவருடைய கேள்வி.

அம்மா, நிறுத்தாதீர்கள். வீட்டுக்காரருக்கு நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. பேத்திக்கு ஒருவேளை நிறுத்த வேண்டி வரலாம், அதனால்தான் அவளுக்கு இப்போது கண்டிப்பாக நிறுத்தக் கூடாது. கேட்பதற்கு முரணாகத் தெரியும். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருபது வருடத்துக்கும் மேலாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். இந்த ஒரு விஷயத்தில் முன்பின் மாறிப்போனதால் குடும்பங்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் குளூட்டன் என்றால் என்ன என்று கையால் தொட்டே பார்த்துவிடலாம். சப்பாத்தி மாவில் ஓர் எலுமிச்சை அளவு உருண்டை எடுங்கள். மைதாவாக இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, அதே தண்ணீரில் மெதுவாகப் பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். அதை மாற்றி மாற்றிக் கழுவிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். கையில் மிஞ்சுவது பழுப்பு நிறத்தில், இழுத்தால் ரப்பர் போல நீளும் ஒரு சக்கை. அதுதான் குளூட்டன். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், பாலை எடுத்துக்கொண்டு அந்தச் சக்கையைத்தான் ஒதுக்குவார்கள். (பாலிலும் கொஞ்சம் குளூட்டன் கலந்து வரும், அதனால் கோதுமை அல்வா குளூட்டன் இல்லாத பண்டம் ஆகிவிடாது.) குளுடெனின், கிளையடின் என்ற இரண்டு வகைப் புரதங்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலை போல ஆகின்றன. புரோட்டா மாஸ்டர் மாவைத் தூக்கி அடித்து வேட்டி மாதிரி விசிறும்போது கிழியாமல் இருப்பது இந்த வலையால்தான். சப்பாத்தி அடுப்பில் உப்பி எழுவதும் நீராவியை இந்த வலை பிடித்து வைப்பதால்தான். கேவுரு, அதாவது கேழ்வரகு மாவில் இது கிடையாது. அதனால்தான் கேவுரு அடையைக் கையால் தட்ட வேண்டியிருக்கிறது, கட்டையில் தேய்த்தால் விரிசல் விட்டுவிடும்.

கோதுமையில் மட்டுமில்லை, பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதே குடும்பத்துப் புரதங்கள் உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, தினை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம், ஜவ்வரிசி, பருப்பு வகைகள் எதிலும் கிடையாது. "சம்பா கோதுமையில் இருக்காது, முளைகட்டினால் போய்விடும்" என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. சம்பா ரவையும் ரவைதான், அதில் குளூட்டன் உண்டு.

சரி, இதைச் சாப்பிடுவதில் நன்மை என்ன? நேர்மையாகச் சொன்னால் குளூட்டன் என்ற அந்தச் சக்கைக்குத் தனியாகப் பெரிய சிறப்பு எதுவும் இல்லை. அது ஒரு புரதம், அவ்வளவுதான். அதிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்போடு சேர்த்துச் சாப்பிட்டால்தான் அந்தக் குறை தீரும். குளூட்டன் இல்லாமல் ஒருவர் ஆயுள் முழுக்க ஆரோக்கியமாக வாழலாம். நம் பாட்டன் பூட்டன்மார் கூழும் களியும் சோறும் தின்று அப்படித்தான் வாழ்ந்தார்கள். நன்மை குளூட்டனைச் சுமந்து வரும் முழுக் கோதுமையில் இருக்கிறது. 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 10.5 கிராம் புரதமும் 11 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. அதே 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் புரதம் 8 கிராம், நார்ச்சத்து 3 கிராம் கூட வராது. மைதாவில் புரதம் கோதுமை அளவுக்கே இருந்தாலும் நார்ச்சத்து அரிசி அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதனால் புரோட்டா சாப்பிட்டுவிட்டுக் கோதுமையின் நன்மையை எதிர்பார்க்க முடியாது.

உங்கள் வீட்டுக்காரர் விஷயம் இங்கேதான் வருகிறது. சர்க்கரை உள்ளவருக்குக் குளூட்டன் கெடுதல் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அமெரிக்காவில் மருத்துவத் துறையில் வேலை செய்த 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் 1986 முதல் 26 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளிவந்தது. குளூட்டன் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. குளூட்டனுக்குப் பயந்து முழுத்தானியங்களைக் குறைத்துக்கொள்வதுதான் இதயத்துக்குக் கெடுதலாக முடியலாம் என்று அந்த ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். அதே நேரம் சப்பாத்தி மருந்தும் இல்லை. 100 கிராம் கோதுமை மாவில் மாவுச்சத்து 64 கிராம், அரிசியில் 78 கிராம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. எங்கள் பக்கம் நான் அடிக்கடி பார்ப்பது இது: ராத்திரி சோற்றை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்வார்கள், தட்டில் ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் இருக்கும். இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் நிறையப் பருப்பு அல்லது பயறு, அதே அளவுக்குக் காய் என்று வைத்துக்கொண்டால் அவருக்கு நல்லது. ராணுவ மெஸ்ஸில் பழகிய நாக்குக்கும் அது ஒத்துவரும்.

இனி ஆபத்து. இதில்தான் மகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சீலியாக் நோய் என்று ஒன்று உண்டு. குளூட்டனில் ப்ரோலின், குளுட்டமின் என்ற அமினோ அமிலங்கள் அதிகம். நம் வயிற்றின் நொதிகளால் அதை முழுசாக வெட்ட முடியாது. 33 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துண்டு அப்படியே வெட்டுப்படாமல் சிறுகுடலுக்கு வந்து சேரும். எல்லோருக்கும் இது நடக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் போய்விடுகிறது. ஆனால் சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பகைவன் என்று எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருகிறது, அந்தச் சண்டையில் சொந்தக் குடலே சேதமாகிறது. சிறுகுடலின் உள்சுவரில் குளிக்கும் துண்டில் நூல் நூலாக எழுந்து நிற்குமே, அப்படி லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் இருக்கின்றன. சாப்பாட்டில் உள்ள இரும்பு, சுண்ணாம்பு, கொழுப்பு எல்லாவற்றையும் உடம்புக்குள் இழுப்பவை அவைதான். சீலியாக்கில் அவை மழுங்கி மழுங்கித் தரைமட்டமாகிவிடும். அப்புறம் எவ்வளவு டானிக் கொடுத்தாலும் உள்ளே போகாது. வயிறு உப்பும், பேதியாகும், பிள்ளை வளராது. பெரியவர்களுக்குச் சில நேரம் வயிற்றுக் கோளாறே இருக்காது. தீராத ரத்தசோகை, எலும்பு தேய்வு, கருத்தரிப்பதில் தடங்கல், முழங்கை முழங்காலில் அரிக்கும் கொப்புளம் என்று வேறு வாசல் வழியாக வரும்.

இதைக் கண்டுபிடித்த கதையை நான் ஒவ்வொரு பெற்றோருக்கும் சொல்வேன், சொன்னால் மறக்க மாட்டார்கள். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கெ என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். ரொட்டிதான் இந்தப் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அவருக்கு முன்பே சந்தேகம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம், 1944–45, அந்த நாட்டில் கொடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் சனங்கள் டியூலிப் கிழங்கைத் தின்றார்கள். ஊரெல்லாம் மெலிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். போர் முடிந்து ரொட்டி திரும்பி வந்ததும் அவர்களுக்குப் பழையபடி நோய் திரும்பியது. 1950-ல் டிக்கெ இதை ஆய்வேடாக வெளியிட்டார். அதிலிருந்துதான் இந்த நோய்க்குச் சோறு போட்டே வைத்தியம் பார்க்கலாம் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. இன்றுவரை வேறு மருந்து வரவில்லை. குளூட்டனை ஆயுளுக்கும் விடுவதுதான் சிகிச்சை.

நம் ஊரில் இது எவ்வளவு? இதற்குப் பதில் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்களும் டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என்று மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. வடக்கே 1,000 பேரில் எட்டரை பேருக்குச் சீலியாக். வடகிழக்கில் நாலரைக்குக் கொஞ்சம் மேல். தெற்கே 10,000 பேரில் ஒருவர். நமக்கு அந்த மரபணுவே இல்லை போல என்று தோன்றும். அதுதான் இல்லை. இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வடக்கே 38 சதவீதம் பேருக்கு இருக்கிறது, தெற்கே 36 சதவீதம் பேருக்கு இருக்கிறது. கிட்டத்தட்ட ஒன்றேதான். வேறுபட்டது தட்டு. வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். கோதுமை குறைவாகச் சாப்பிடுவதுதான் நம்மைக் காத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, 37 கிராம் மட்டும் சாப்பிட்ட வடகிழக்கிலும் நோய் இருக்கிறதே. ஆனாலும் இந்தக் கணக்கில் எனக்கு ஒரு எச்சரிக்கை தெரிகிறது. இட்லிக்குப் பதில் பிரட், பள்ளிக்கூட டப்பாவில் நூடுல்ஸ், சாயங்காலம் பிஸ்கட், ராத்திரி சப்பாத்தி அல்லது புரோட்டா என்று வளரும் இன்றைய பிள்ளையின் தட்டு அந்த 25 கிராம் தட்டு இல்லை. உங்கள் பேத்தி, தாத்தாவோடு சேர்ந்து இரண்டு வேளை சப்பாத்தி சாப்பிடும் பிள்ளை. "தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது வராது" என்று யாராவது சொன்னால் அந்த வார்த்தையை ஏற்றுக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

அப்படியானால் ஏன் நிறுத்தக் கூடாது? பரிசோதனை பார்ப்பது குளூட்டனை அல்ல, குளூட்டனை எதிர்த்து உடம்பு கிளப்பிவிடும் எதிர்ப்பொருளை. கோதுமையை நிறுத்தினால் அந்த எதிர்ப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். அப்புறம் எடுக்கும் ரத்தம் "ஒன்றும் இல்லை" என்று பொய் சொல்லும். ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி என்னிடம் வந்தாள். வீடியோ பார்த்துவிட்டு ஒரு வருடமாகக் கோதுமையை விட்டிருந்தாள். நல்ல முன்னேற்றம். ஆனால் விடுதியிலும் கல்யாண வீட்டிலும் அவ்வப்போது சாப்பிடுவாள், ஏனென்றால் நோய் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லையே. பரிசோதனை செய்தால் சுத்தமாக இருந்தது. மருத்துவர் வேறு வழியில்லாமல் மறுபடி கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். தினமும் ஒரு வேளைக்கு மேல், குறைந்தது ஆறு வாரம். தட்டில் சப்பாத்தியைப் பார்த்தாலே அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கும், ஏனென்றால் அரை மணி நேரத்தில் வயிறு என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். பருவத் தேர்வு நேரம் வேறு. ஆறு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் தெளிவாகச் சீலியாக் என்று வந்தது. ஒரு வருடத்துக்கு முன்பே ஒரு சிரிஞ்சு ரத்தத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. உங்கள் பேத்திக்கு அந்த ஆறு வாரம் வரக் கூடாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போங்கள், முடிந்தால் குழந்தைகள் குடல் நோய் பார்ப்பவரிடம். டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள், அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐஜிஏ என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை, சிலருக்கு அது பிறவியிலேயே குறைவாக இருக்கும். அது தெரியாமல் முதல் பரிசோதனையை மட்டும் பார்த்தால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும். டிடிஜி அளவு கூடுதலாக இருந்தால் எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலிலிருந்து அரிசி முனை அளவு சதை எடுத்துப் பார்ப்பார்கள். குழந்தைக்கு மயக்கம் கொடுத்துச் செய்வார்கள், பயப்பட வேண்டாம். அந்த எதிர்ப்பொருள் இயல்பான உச்ச அளவைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருந்து, இரண்டாவது ரத்தப் பரிசோதனையும் ஒத்துப்போனால் சில குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி இல்லாமலே முடிவு செய்வதும் உண்டு. அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேத்திக்கு இருப்பது சீலியாக்தான் என்று நான் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ரத்தம் குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சாப்பாட்டில் இரும்பு போதாததையும் வயிற்றுப் பூச்சியையும்தான். செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடக்கும் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு வரும், அது குடலில் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஜியார்டியா என்ற கிருமியும் இதே மாதிரி உப்பசமும் பேதியும் தரும், மலப் பரிசோதனையில் தெரிந்துவிடும். டானிக்கை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். பாலோடோ டீயோடோ கொடுத்தால் பாதிக்கு மேல் வீண். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் ஏறும். இதெல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் சீலியாக் சந்தேகம் பலமாகிறது.

ஒருவேளை உறுதியாகிவிட்டால் என்ன செய்வது என்று உங்களுக்கு இப்போதே பயம் வரும். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நோய்க்கு நம் ஊரைப் போல வசதியான ஊர் வேறு இல்லை என்பது என் எண்ணம். வேலூர் காந்தி ரோடு லாட்ஜ்களில் தங்கி வைத்தியம் பார்க்க வரும் வடக்கத்திக் குடும்பங்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது அவர்கள் முகம் வாடிவிடும். ரொட்டி இல்லாமல் சாப்பாடே அவர்களுக்குத் தெரியாது. நமக்கு அப்படியில்லை. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், பொங்கல், புட்டு, ஆடி மாதம் ஊற்றும் கேவுரு கூழ், கம்பங்கூழ், ஜவ்வாது மலைச் சாமைச் சோறு, சீரகச் சம்பாவில் செய்த ஆம்பூர் பிரியாணி, எல்லாம் தானாகவே குளூட்டன் இல்லாதவை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் சுண்ணாம்பு இருக்கிறது, எலும்பு தேய்ந்த சீலியாக் பிள்ளைக்கு அதைவிட நல்ல தானியம் கிடையாது. ஆற்காடு மக்கன் பேடாவை மட்டும் விட வேண்டும், அதில் மைதா உண்டு. குளூட்டன் இல்லை என்று அச்சடித்து விலை கூட்டி விற்கும் பிஸ்கட்டும் பிரட்டும் வேண்டியதில்லை. பல பாக்கெட்டுகளில் இருப்பது அரிசி மாவும் மரவள்ளி மாவும் சர்க்கரையும்தான்.

ஆனால் நம் ஊரில் ஆபத்து ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. முதலாவது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பகுதி மைதா அல்லது கோதுமை மாவும் பிசினும்தான், காயம் கொஞ்சம். சாம்பார், ரசம், ஊறுகாய், முறுக்கு, அப்பளம் என்று எல்லா வழியிலும் அது உள்ளே போகும். டப்பாவின் பின்பக்கம் பொருள் பட்டியலைப் படியுங்கள். அரிசி மாவு சேர்த்துச் செய்த பெருங்காயமும் கிடைக்கிறது. இரண்டாவது சத்துமாவு. வீட்டில் வறுத்து அரைக்கும் சத்துமாவில் கோதுமையும் பார்லியும் சேர்க்காத வீடு குறைவு, அங்கன்வாடி சத்துமாவிலும் கோதுமை மாவு உண்டு. மூன்றாவது, ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் அன்போடு வாங்கிப்போகும் பிரட்டும் ஹார்லிக்ஸும். ஹார்லிக்ஸ் பார்லியையும் கோதுமையையும் மால்ட் செய்து தயாரிப்பது. "பிள்ளை மெலிந்திருக்கிறாளே" என்று தினம் இரண்டு டம்ளர் கொடுத்தே நோயை வளர்த்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது மாவு மிஷின். நீங்கள் கேழ்வரகைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். உங்களுக்கு முன்னால் நிற்பவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்துக்கொண்டு போகிறார். கல்லுக்குள்ளும் துணிப் பைக்குள்ளும் தங்கிய அவருடைய மாவு உங்கள் கேழ்வரகோடு சேர்ந்து உங்கள் தூக்கில் விழும். வெள்ளையாக முதலில் வருவதைப் பார்த்தாலே தெரியும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். சீலியாக் நோயாளிகளைக் கொண்டே நடத்திய ஆய்வில், தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் போனாலே குடல் சேதமாவது தெரிந்தது. 50 மில்லிகிராம் குளூட்டன் ஏறக்குறைய அரை கிராம் கோதுமை மாவில் இருக்கும். ஒரு சப்பாத்தியை அறுபது துண்டாகப் பிய்த்தால் அதில் ஒரு துண்டு. அதனால் நோய் உறுதியான பிள்ளைக்கு மாவு வீட்டு மிக்ஸியில்தான் அரைக்க வேண்டும். தோசைக்கல், சப்பாத்திக் கட்டை, சல்லடை எல்லாம் தனி. தாத்தா சப்பாத்தி சாப்பிடலாம், ஆனால் அதே கல்லில் பேத்திக்குத் தோசை வார்க்கக் கூடாது. பாக்கெட் பொருள் வாங்கினால், குளூட்டன் இல்லை என்று போட ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதை உறையில் சொல்லியாக வேண்டும் என்பதும் சட்டம். ஓட்ஸில் இயல்பாகப் பெரிய சிக்கல் இல்லாவிட்டாலும் கோதுமை கலந்துதான் பெரும்பாலும் வருகிறது, ஆரம்பத்தில் வேண்டாம். பேத்திக்கு உறுதியானால் அவளுடைய அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நெருங்கிய ரத்த உறவில் பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்க வாய்ப்புண்டு.

மகள் சென்னையில் தனக்கும் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள், புரோட்டா சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது, விட்டதிலிருந்து நன்றாக இருக்கிறது என்று. அவர் பொய் சொல்லவில்லை. சீலியாக் இல்லாமலே கோதுமையால் வயிறு சங்கடப்படுபவர்கள் உண்டு. ஆனால் குற்றவாளி பல நேரம் குளூட்டன் அல்ல. கோதுமையில் ஃபிரக்டான் என்று ஒரு மாவுச்சத்து இருக்கிறது. அது செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துக் காற்றை உண்டாக்கும். நார்வேயில் 59 பேருக்கு எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் மூன்று வகைத் தின்பண்டம் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். குளூட்டன் இருந்ததைவிட ஃபிரக்டான் இருந்ததைச் சாப்பிட்டபோதுதான் வயிறு அதிகம் உப்பியது. 2018-ல் வந்த ஆய்வு அது. வெங்காயத்திலும் பூண்டிலும் இதே ஃபிரக்டான் நிறைய. அதனால் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு வயிறு ஊதினால், புரோட்டாவை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த மாதிரி ஆட்களுக்கு அளவைக் குறைத்தால் போதும், பெருங்காயத்துக்குக்கூடப் பயப்பட வேண்டியதில்லை. அவரும் கோதுமையை விடுவதற்கு முன் ஒரு முறை அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பேத்திக்கு அத்தையும்கூட, அதனால் பேத்தியின் முடிவு தெரிந்ததும் மருத்துவரிடம் அவரைப் பற்றியும் சொல்லுங்கள். கோதுமை சாப்பிட்ட உடனே உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்குவது இவை இரண்டிலும் சேராது, அது ஒவ்வாமை, அதற்கு உடனடி சிகிச்சை வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது பேத்தியின் பழைய ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டுகளையும், பள்ளியில் எடுத்த உயரம், எடைக் கணக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த வயதில் வளர்ச்சி நின்றது என்பது அதிலிருந்துதான் அவருக்குத் தெரியும். ஒரு வாரம் அவள் என்ன சாப்பிட்டாள், எத்தனை முறை வெளியே போனாள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரத்தம் எடுக்கும் நாள் வரைக்கும் டிபன் டப்பாவில் எப்போதும் போலச் சப்பாத்தி இருக்கட்டும்.